பிரசவக் காயமும் வீட்டு வருமானமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2019-இல் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதே மாதம், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, கட்டட வேலைக்குப் போகும் ஒரு பெண்ணுக்கும் குழந்தை பிறந்தது. இருவருக்கும் சுகப்பிரசவம்தான், இருவருக்கும் கீழே ஆழமாகக் கிழிந்து தையல் போட்டார்கள். நான் அரசுப் பள்ளி ஆசிரியை என்பதால் ஒன்பது மாதம் சம்பளத்தோடு விடுப்பு. அவர் முப்பத்தேழாவது நாள் சாந்துச் சட்டி தூக்கப் போய்விட்டார். இன்றைக்கு எனக்குத் தையல் போட்ட நினைவே இல்லை. அவருக்கு இருமினால் சிறுநீர் கசிகிறது, பேருந்தில் நீண்ட தூரம் போவதையே விட்டுவிட்டார்.

இதைப் பற்றித் தெரிந்தவர்களிடம் பேசவும் எழுதவும் தொடங்கியதிலிருந்து ஒரே மாதிரியான கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. பதில்களை ஒரே இடத்தில் வைக்கிறேன். நான் மருத்துவர் இல்லை, படித்ததையும் பார்த்ததையும் சொல்கிறேன். உங்கள் உடம்புக்கு என்ன செய்வது என்பதை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

பிரசவக் காயம் என்று எதையெல்லாம் சொல்கிறீர்கள்?

பிறப்புறுப்பில் ஏற்படும் கிழிசலை நான்கு நிலையாகப் பிரிக்கிறார்கள். முதல் நிலை தோல் மட்டும், இரண்டாவது தசை வரை. மூன்றாவதில் ஆசனவாயைச் சுற்றி மலத்தை அடக்கி வைக்கும் தசை கிழிகிறது, நான்காவதில் மலக்குடலின் உள்சவ்வு வரைக்கும் போய்விடுகிறது. முதல் இரண்டும் மிகச் சாதாரணம், பெரும்பாலும் நன்றாக ஆறிவிடும். கடைசி இரண்டும்தான் வாழ்க்கையை மாற்றிவிடக் கூடியவை, காற்றும் மலமும் அடக்க முடியாமல் போகலாம். இது போக, கர்ப்பப்பை இறங்குவது, சிறுநீர் கசிவது, பிரசவம் பல மணி நேரம் முட்டிக்கொண்டு நின்றதால் சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவே ஓட்டை விழுவது (இதைத்தான் ஃபிஸ்டுலா என்கிறார்கள்), சிசேரியன் தையல் பிரிவது, சீழ் வைப்பது எல்லாமே இதில் சேரும்.

அப்படியானால் ஏழைப் பெண்களுக்குத்தான் அதிகம் கிழிகிறதா?

நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு தேட ஆரம்பித்தேன், குழம்பிப் போனேன். இங்கிலாந்தில் 2000 முதல் 2012 வரை தலைப்பிரசவம் ஆன பெண்களின் மருத்துவமனைப் பதிவுகளை எடுத்து ஆராய்ந்தார்கள். மூன்றாம், நான்காம் நிலைக் கிழிசல் 1.8 சதவீதத்திலிருந்து 5.9 சதவீதத்துக்கு ஏறியிருந்தது. அதைவிட ஆச்சரியம், ஏழ்மையான பகுதிப் பெண்களைவிட வசதியான பகுதிப் பெண்களிடம்தான் அது அதிகமாகப் பதிவாகியிருந்தது.

இதற்கு உடம்பு சார்ந்த காரணங்கள் கொஞ்சம் உண்டு. படித்து, வேலைக்குப் போய், தாமதமாக முதல் பிள்ளை பெறுகிறவர்களுக்கு வயது கூடியிருக்கும், நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த குழந்தையின் எடையும் கூடும், இரண்டுமே கிழிசலுக்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன. ஆனால் பன்னிரண்டு வருடத்தில் பெண்களின் உடம்பு மூன்று மடங்கு பலவீனமாகிவிடாது. முன்பு கவனிக்காமல் விட்ட கிழிசலை இப்போது கண்டுபிடித்து எழுதுகிறார்கள் என்பதுதான் அந்த ஏற்றத்துக்கு ஆய்வாளர்களே சொன்ன முக்கிய விளக்கம். பிரசவம் முடிந்ததும் ஆசனவாய்க்குள் விரல் விட்டுத் தசை முழுசாக இருக்கிறதா என்று பார்த்தால் ஒழிய, மூன்றாம் நிலைக் கிழிசல் பல நேரங்களில் இரண்டாம் நிலை மாதிரியே தெரியும். அதை மேலோட்டமாகத் தைத்து அனுப்பிவிட்டால் பதிவேட்டில் அது சின்னக் காயம், அவ்வளவுதான்.

இதைப் படித்த பிறகு, ஒரு ஊரில் கிழிசல் எண்ணிக்கை குறைவாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் உடனே சந்தோஷப்படுவதில்லை. அங்கே யார் பார்த்தார்கள், எப்படிப் பார்த்தார்கள் என்றுதான் முதலில் கேட்கத் தோன்றுகிறது. பணக்காரப் பெண்ணுக்கும் ஏழைப் பெண்ணுக்கும் கிழிவதில் இருக்கும் வித்தியாசத்தைவிட, கிழிந்ததைக் கண்டுபிடிப்பதிலும் தைப்பதிலும் அதற்கப்புறம் படுத்து ஓய்வெடுப்பதிலும் இருக்கும் வித்தியாசம்தான் பெரிது. இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்ல வருவது இதுதான்.

லண்டனில் இருக்கும் என் தங்கையிடம் "ஆசியப் பெண்களுக்கு ஆபத்து அதிகம்" என்று மருத்துவமனையில் சொல்லியிருக்கிறார்கள். நம் உடல்வாகே அப்படியா?

அவர்கள் சொன்னது பொய் இல்லை. பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான வழிகாட்டுதலில், தலைப்பிரசவம், பெரிய குழந்தை, ஆயுதம் போட்டு (இடுக்கி போன்ற கருவியால்) எடுப்பது ஆகியவற்றோடு ஆசிய இனத்தவராக இருப்பதும் ஆபத்துக் காரணியாக எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் 2012-இல் சொன்னது யோசிக்க வைக்கிறது: மேற்கு நாடுகளில் பிரசவிக்கும் ஆசியப் பெண்களிடம்தான் இந்தக் கூடுதல் ஆபத்து தெரிகிறது, ஆசியாவிலேயே பிரசவிப்பவர்களிடம் அப்படித் தெரியவில்லை.

உடம்பு மட்டுமே காரணம் என்றால் விமானம் ஏறியதும் அது மாறாது. மொழி புரியாமல் "முக்காதே, மெதுவாக மூச்சு விடு" என்று சொல்லும் அந்தக் கடைசி நிமிடம் தவறிப்போவது, குழந்தையின் எடை, பிரசவம் பார்க்கும் முறை, இவை எல்லாவற்றுக்கும் பங்கு இருக்கலாம். உங்கள் தங்கைக்கு ஆங்கிலத்தில் சங்கடம் இருந்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்கச் சொல்லுங்கள். அங்கே அது அவருக்கு உரிமை, சலுகை கிடையாது.

தமிழ்நாட்டில் எல்லாரும் ஆஸ்பத்திரியில்தானே பெறுகிறார்கள், அப்புறம் என்ன வேறுபாடு?

உண்மைதான், 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இங்கே 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில்தான். இது சின்ன சாதனை இல்லை, கிராமச் செவிலியர்களும் இருபத்து நான்கு மணி நேர ஆரம்ப சுகாதார நிலையங்களும் பல வருடம் பாடுபட்டுக் கொண்டுவந்தது. ஆனால் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி உள்ளே போனபின் என்ன நடக்கிறது என்பது எல்லாருக்கும் ஒன்றாக இல்லை.

என் நாத்தனாரின் பிரசவத்துக்குத் துணையாக ஒரு ராத்திரி இருந்தேன், ஊர் வேண்டாம். ஒரே நர்ஸ், மூன்று பெண்களுக்கு இடுப்புவலி. நாத்தனாருக்குத் தையல் போடும்போது மேலே விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது, ஆயா தன் செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த நர்ஸ் அக்கறையாகத்தான் தைத்தார், அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் நடுவில் இரண்டு தடவை "பக்கத்துக் கட்டிலில் தலை தெரியுது" என்று கூப்பிட்டார்கள், கையுறையை மாற்றிக்கொண்டு ஓடினார், திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தைத்தார். ஆழமான கிழிசல் என்றால் அதை ஆபரேஷன் தியேட்டரில், நல்ல வெளிச்சத்தில், மயக்க மருந்து கொடுத்து, பழகிய கை தைக்க வேண்டும் என்பது முறை. அங்கே அந்த நேரத்தில் யார் அதை முடிவு செய்வது, எந்த வண்டியில் ஏற்றி எங்கே அனுப்புவது?

இன்னொன்று, வயிற்றை மேலிருந்து அமுக்கித் தள்ளுவது. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட பரிந்துரைகளில் இதைச் செய்யக் கூடாது என்றே சொல்லியிருக்கிறது. தலைப்பிரசவம் என்றாலே கீழே வெட்டிவிடும் பழக்கத்தையும் அது பரிந்துரைக்கவில்லை, தேவைப்படும்போது மட்டும் செய்தால் போதும் என்கிறது. ஆயுதம் போட்டு எடுக்கும்போது சரியான கோணத்தில் வெட்டுவது பெரிய கிழிசலைத் தடுக்கும், அது வேறு விஷயம். அவசரம், ஆள் பற்றாக்குறை, "கத்தாதே, பெத்துக்கத் தெரியுதுல்ல" என்கிற அதட்டல், இவை எங்கே கூடுகிறதோ அங்கே வெட்டும் அமுக்கலும் கூடுகிறது. அதட்டலும் எல்லார் மேலும் ஒரே அளவில் விழுவதில்லை. கட்டியிருக்கும் சேலையையும் பேச்சையும் ஊர்ப் பெயரையும் வைத்து ஆளை அளக்கும் கண்கள் பிரசவ வார்டிலும் இருக்கின்றன.

சிசேரியன் செய்துகொண்டால் இந்தத் தொல்லையே இல்லையே?

கீழே கிழியாது, அது சரி. ஆனால் வயிற்றில் ஏழு அடுக்கு வெட்டித் தைப்பதும் காயம்தான். தொற்று, ரத்தப்போக்கு, அடுத்த பிரசவத்தில் நஞ்சுக்கொடி பழைய தழும்பில் ஒட்டிக்கொள்வது என்று அதற்கென்று தனி ஆபத்துகள் உண்டு. அதே கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். தனியாரில் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. தனியாரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பெண்களுக்கு வயிற்றைத் திறக்க வேண்டிய அவசியம் உண்மையிலேயே வந்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

வசதி இருப்பவருக்கு இங்கே தேவையில்லாத காயம் வருகிறது, வசதி இல்லாதவருக்குத் தேவையான நேரத்தில் வெட்டு கிடைக்காமல் காயம் வருகிறது. அதிலும் சிசேரியனுக்கு அப்புறம் ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது என்று எழுதிக் கொடுக்கும் சீட்டை, தண்ணீர்க் குடம் தெருமுனைக் குழாயிலிருந்து வர வேண்டிய வீட்டில் யார் கடைப்பிடிப்பது?

"அடி தள்ளுது" என்று கிராமத்தில் சொல்வார்களே, அதுவும் இதுதானா?

அதேதான், கர்ப்பப்பை இறக்கம். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், ஏனென்றால் என் பெரியம்மாவுக்கு இது இருபது வருடத்துக்கும் மேல் இருந்தது, எங்களில் யாருக்கும் தெரியாது.

அவர் நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவர். ஆறு பிரசவம், நான்கு பிள்ளைகள் தங்கின. குந்தி உட்காரும்போது ஒரு கையைத் தரையில் ஊன்றி, இன்னொரு கையால் சேலைக்கு மேலேயே கீழ்ப்பக்கம் தாங்கிப் பிடித்துக்கொண்டு உட்காருவார். சின்ன வயதில் அது அவருடைய வழக்கம் என்று நினைத்திருந்தேன். பழைய வேட்டித் துணியைக் கிழித்து, மடித்து, உள்ளே வைத்துக் கட்டிக்கொண்டு வயலில் இறங்கியிருக்கிறார். எனக்குக் குழந்தை பிறந்து, நான் இதைப் பற்றி வாய் திறந்து பேசியபோதுதான் அவரும் சொன்னார். "பச்ச உடம்பா இருக்கயிலயே நாத்துக்கட்டு தூக்கினேன்டி, பதினாலாம் நாளு. அப்ப எறங்கினது" என்றார். டாக்டரிடம் ஏன் போகவில்லை என்று கேட்டேன். "எந்த மொகத்தோட காட்டுறது" என்றார்.

குழந்தை வெளியே வரும்போது இடுப்புத் தளத் தசைகளும் கர்ப்பப்பையைத் தாங்கும் தசைநார்களும் விரிந்து தளர்ந்துபோகும், அவை திரும்ப இறுக வாரங்கள், சில பேருக்கு மாதங்கள் ஆகும். அந்த நேரத்தில் கனம் தூக்கினால் வயிற்றுக்குள் அழுத்தம் கூடி எல்லாம் கீழே தள்ளப்படும். அடுத்தடுத்து பிரசவம், நீண்ட நாள் இருமல், மலச்சிக்கல் இவையும் சேர்ந்துகொள்ளும். ரத்தசோகை இருந்தால் காயம் ஆறுவதும் தாமதமாகும். அதே 2019-21 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக, 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. "பச்சை உடம்பு" என்று நம் ஊரில் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள் பாருங்கள், ஆறாத காயம் என்று தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பச்சை உடம்புக்கு நாற்பது நாள் ஓய்வு என்பது, உட்கார வைத்துச் சோறு போட ஆள் இருந்த வீட்டுப் பெண்களுக்கு வாய்த்தது.

செங்கல்பட்டுப் பக்கம் 1981-இலிருந்து தலித் பெண்களோடு இயங்கும் ருவ்செக் என்ற அமைப்பு இருக்கிறது. 1990களில் அடி தள்ளிய பெண்களிடம் உட்கார்ந்து பேசிப் பதிவு செய்தவர்களில் அவர்கள் முக்கியமானவர்கள். நேபாளத்தில் இது எவ்வளவு பரவலாக இருந்தது என்றால், 2008-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே இதை இனப்பெருக்க உரிமை மீறல் என்று சொல்லி அரசுக்கு உத்தரவு போட்டது. அந்தத் தீர்ப்பை முதல் தடவை படித்தபோது பெரியம்மாவின் வேட்டித் துணிதான் என் கண்ணுக்கு முன்னால் வந்தது.

ஃபிஸ்டுலா எல்லாம் பழைய காலத்துக் கதை இல்லையா?

நமக்கு அருகில் வெகுவாகக் குறைந்துவிட்டது. உலக அளவில் ஆண்டுக்கு 50,000 முதல் 1,00,000 பெண்கள் வரை இதற்கு ஆளாகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு, கிட்டத்தட்ட எல்லாரும் ஆப்பிரிக்க, ஆசிய நாடுகளின் ஏழைப் பெண்கள். குழந்தையின் தலை இடுப்பெலும்பில் முட்டி ஒன்றிரண்டு நாள் நின்றுவிட்டால் நடுவில் சிக்கிய சதை ரத்தம் இல்லாமல் செத்து, ஓட்டை விழுந்து, சிறுநீர் நாள் முழுக்க ஒழுகும். நேரத்துக்கு சிசேரியன் கிடைத்தால் தடுத்துவிடலாம். சின்ன வயதில் சரியாகச் சாப்பாடு இல்லாமல் வளர்த்தி குறைந்து இடுப்பெலும்பு குறுகிப் போன பெண்களுக்கும், உடம்பு வளர்ந்து முடியுமுன் கல்யாணம் ஆன சிறுமிகளுக்கும் தலை முட்டும் வாய்ப்பு அதிகம். அதாவது இந்தக் காயம் பிரசவத்துக்குப் பதினைந்து வருடம் முன்பே, சாப்பாட்டுத் தட்டில் ஆரம்பித்துவிடுகிறது.

1959-இல் எத்தியோப்பியாவுக்கு வந்த கேதரின், ரெஜினால்ட் ஹாம்லின் என்ற மருத்துவத் தம்பதி, 1974-இல் அடிஸ் அபாபாவில் இதற்கென்றே ஒரு மருத்துவமனை திறந்தார்கள். கேதரின் 2020-இல் இறக்கும்வரை அந்த ஊரிலேயே இருந்தார்.

ஃபிஸ்டுலா அறுவை சிகிச்சை எப்படிக் கற்றுக்கொள்ளப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் அலபாமாவில் 1840களில் ஜேம்ஸ் மரியன் சிம்ஸ் என்ற மருத்துவர் அடிமைப் பெண்கள் மேல் மயக்க மருந்து இல்லாமல் செய்து பார்த்துக் கற்றார். அனார்க்கா, பெட்சி, லூசி என்று மூன்று பெயர்கள் நமக்குத் தெரியும். அனார்க்காவுக்கு மட்டும் ஏறக்குறைய முப்பது அறுவை சிகிச்சை. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் இருந்த சிம்ஸின் சிலையை 2018-இல் எடுத்தார்கள். சம்மதம் கேட்கப்படாத பெண்களின் உடம்பில் பழகிய அந்தக் கைத்திறமைதான் பிறகு காசு கொடுக்க முடிந்த பெண்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

அரசு 18,000 ரூபாய் கொடுக்கிறதே, அதை வைத்து ஓய்வெடுக்கலாமே?

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி உதவித் திட்டத்தைச் சொல்கிறீர்கள். நல்ல திட்டம், குறை சொல்ல மனசு வரவில்லை, என் தெருப் பெண்ணுக்கும் வந்தது. ஆனால் அது தவணையாக வரும், குழந்தைக்குத் தடுப்பூசி போட்டு முடித்த பிறகுகூட ஒரு தவணை. வாடகையும் அரிசியும் தவணைக்குக் காத்திருப்பதில்லை. அதோடு, 19 வயது முடிந்திருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவத்துக்கு மட்டும்தான். பதினெட்டு வயதில் பெறுகிறவளும் மூன்றாவது பெறுகிறவளும்தான் உடம்பளவில் அதிகம் தளர்ந்திருப்பார்கள், அவர்களை அந்த விதி வெளியே நிறுத்துகிறது. விதியைப் போட்டவர்களின் நோக்கம் புரிகிறது, ஆனால் ஏற்கெனவே பிள்ளை பெற்றுவிட்டவளின் கிழிசலுக்கு அந்த நோக்கம் மருந்து போடாது.

சம்பளத்தோடு விடுப்பு என்று பார்த்தால், 2017-இல் மகப்பேறு சலுகைச் சட்டத்தைத் திருத்தி 26 வாரம் ஆக்கினார்கள், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில். தமிழ்நாடு அரசு ஊழியருக்கு 2021-இலிருந்து பன்னிரண்டு மாதம். சித்தாளுக்கு, வீட்டு வேலை செய்பவருக்கு, வயலில் இறங்குபவருக்கு யாரும் சம்பளத்தோடு லீவு கொடுப்பதில்லை. கனம் தூக்கும் வேலை செய்பவர்களுக்குத்தான் விடுப்பு இல்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

பிரசவத்துக்குப் போகும்போது என்ன கேட்கலாம்?

துணைக்கு ஒரு பெண் உள்ளே இருக்கலாமா என்று கேளுங்கள். அரசு மருத்துவமனைகளிலும் துணை இருக்க அனுமதிக்கலாம் என்று மத்திய அரசே 2016-இல் சொல்லிவிட்டது. தலை வரும் நேரத்தில் வெதுவெதுப்பான நீரில் நனைத்த சுத்தமான துணியைக் கீழே ஒத்தடமாக வைத்தால் பெரிய கிழிசல் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. செலவே இல்லாத விஷயம், கேட்டால் பல நர்ஸ்கள் செய்கிறார்கள். பிறந்த பிறகு "எத்தனாவது நிலைக் கிழிசல், பின்பக்கத் தசை பார்த்தீர்களா" என்ற ஒரு கேள்வியைத் துணைக்கு வருபவர் கேட்கட்டும், பெற்றவளுக்கு அப்போது பேசத் தெம்பு இருக்காது. பதிலை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் பத்தியம் என்று சொல்லித் தண்ணீரையும் காய்கறியையும் குறைக்காதீர்கள். மலம் இறுகினால் முக்க வேண்டி வரும், முக்கினால் தையல் தாங்காது.

"எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாயிடும்" என்று மாமியார் சொல்கிறார்.

அவருக்கு அப்படித்தான் சொல்லப்பட்டிருக்கும், அவர்மேல் கோபப்படாதீர்கள். ஆனால் பிரசவமாகி மூன்று மாதத்துக்கு அப்புறமும் காற்றோ மலமோ சிறுநீரோ அடக்க முடியவில்லை என்றால் அது சிகிச்சை தேவைப்படும் காயம். சிறுநீரை அடக்குவது போல் கீழ்த்தசையை இறுக்கி விடும் பயிற்சியை ஒரு தடவைக்கு எட்டு என்று நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம் செய்யச் சொல்கிறார்கள். பாத்திரம் தேய்த்துக்கொண்டே செய்யலாம். சரியாகச் செய்கிறோமா என்று ஒரு பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சொன்னால் நல்லது, மாவட்டத் தலைநகர் அரசு மருத்துவமனையில் கேட்டுப் பாருங்கள்.

என் அம்மாவுக்கு 62 வயது, கர்ப்பப்பை இறங்கியிருக்கிறது. எடுத்துவிடுவதுதான் ஒரே வழியா?

இல்லை. சின்ன அளவு இறக்கத்துக்குப் பயிற்சி போதும். அதற்கு மேல் என்றால் சிலிக்கோன் வளையம் ஒன்றை உள்ளே பொருத்தித் தாங்க வைக்கலாம், சில மாதத்துக்கு ஒருமுறை எடுத்துக் கழுவி மாற்ற வேண்டும், கத்தி தேவையில்லை. அறுவை சிகிச்சையிலும் கர்ப்பப்பையை எடுக்காமல் தூக்கி நிறுத்தும் முறைகள் உண்டு. எடுப்பதே நல்லது என்ற நிலையும் சிலருக்கு இருக்கும், அதை இரண்டு மருத்துவர்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் கூலி போய்விடக் கூடாது என்று இளம் வயதிலேயே கூட்டம் கூட்டமாகக் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டது தெரியவந்து, 2019-இல் அரசு விசாரணைக் குழு போட வேண்டி வந்தது.

என் பெரியம்மாவுக்கு வளையம்தான் வைத்தோம், அறுபத்தெட்டு வயதில். பொருத்திவிட்டு வந்த அன்று சாயங்காலம் வாசலில் கோலம் போட உட்கார்ந்தார், இரண்டு கையும் கோலத்தில் இருந்தன.